90 நாளுக்கு ஒரு கடவுச்சொல்: விதி எங்கிருந்து வந்தது, ஏன் இன்னும் போகவில்லை

"உங்கள் கடவுச்சொல் இன்னும் 5 நாட்களில் காலாவதியாகும்" என்ற அறிவிப்பு திரையின் ஓரத்தில் எட்டிப் பார்க்காத அலுவலகங்கள் குறைவு. வங்கிக் கிளையானாலும் ஏற்றுமதி நிறுவனமானாலும் மென்பொருள் நிறுவனமானாலும் விதி ஏறக்குறைய ஒன்றுதான்: குறைந்தது 8 எழுத்துகள் இருக்க வேண்டும், அவற்றில் ஒரு பெரிய எழுத்தும் ஓர் எண்ணும் ஒரு சிறப்புக் குறியும் கலந்திருக்க வேண்டும், 45 நாளோ 60 நாளோ 90 நாளோ ஆனதும் வேறொன்றை வைக்க வேண்டும், முன்பு வைத்தவற்றை மீண்டும் வைக்கக் கூடாது. கணினிப் பாதுகாப்பு என்றதும் பெரும்பாலான ஊழியர்களின் நினைவுக்கு வருவதும் இதுதான். ஆனால் இந்த விதியை உலகெங்கும் பரப்பிய அமைப்புகளே இதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017 ஜூனில் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதலில், காரணமில்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றது. பிரிட்டன் அரசின் தகவல் பாதுகாப்புப் பிரிவு அதையே 2015இல் சொல்லிவிட்டது. விண்டோஸ் கணினிகளுக்கான பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து மைக்ரோசாஃப்ட் 2019 மே மாதம் காலாவதி விதியை நீக்கியது. இருந்தும் நம் அலுவலகங்களில் அது அசையாமல் நிற்கிறது.

கடவுச்சொல்லைப் பயன்படுத்திய முதல் கணினி அமைப்புகளில் ஒன்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் உருவாகி 1961 நவம்பரில் இயக்கிக் காட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டதால், ஒருவர் கோப்பை இன்னொருவர் திறக்காமலிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளை அட்டையில் ஒரு கட்டளை எழுதிக் கொடுத்துப் பட்டியல் முழுவதையும் வாங்கிக்கொண்டார். 1966இல் ஒரு மென்பொருள் குழப்பத்தால், உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் திரளாக அச்சாகி வந்தன. இரண்டு சம்பவங்களிலும் கடவுச்சொல்லை வைத்திருந்தவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. கடவுச்சொல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைச் சேமித்து வைக்கும் இடத்திலிருந்து கசியலாம் என்பது இந்தத் தொழில்நுட்பத்தின் முதல் ஐந்தாண்டுகளிலேயே தெரிந்துவிட்ட விஷயம்.

மக்கள் எத்தகைய கடவுச்சொற்களை வைக்கிறார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்ஸனும் முக்கியமானவர்கள். 1979இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில், திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு மிகச் சிறியவையாகவோ அகராதிச் சொற்களாகவோ சிறிய எழுத்துகள் மட்டும் கொண்டவையாகவோ இருந்தன. ஒற்றை எழுத்தையே கடவுச்சொல்லாக வைத்தவர்களும் அதில் உண்டு. இந்தப் பலவீனத்தைச் சமாளிக்கத்தான் எழுத்து, எண், குறி எல்லாவற்றையும் கலக்கச் சொல்லும் பழக்கம் பின்னாளில் வேரூன்றியது.

மாற்றச் சொல்லும் விதிக்குக் காரணம் வேறு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1985இல் வெளியிட்ட கடவுச்சொல் மேலாண்மைக் கையேட்டில் அதற்கான கணக்கு இருக்கிறது. ஒரு கடவுச்சொல் எவ்வளவு காலம் புழக்கத்தில் இருக்கிறது, அந்தக் காலத்தில் ஒருவர் எவ்வளவு வேகமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்க முடியும் என்ற இரண்டையும் பெருக்கி, சாத்தியமான கடவுச்சொற்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்தால், ஊகம் பலிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது கிடைக்கும். தொலைபேசிக் கம்பி வழியே நிமிடத்துக்குச் சில முறை மட்டுமே முயன்று பார்க்க முடிந்த காலத்தில், கடவுச்சொல்லின் ஆயுளைக் குறைத்தால் ஆபத்தும் அதே விகிதத்தில் குறையும் என்பது கணித ரீதியாகச் சரியான வாதம். அந்தக் கையேடு சொன்ன உச்ச வரம்பு ஓராண்டு. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: கடவுச்சொல்லைக் கணினியே தற்செயல் எழுத்துகளைக் கொண்டு உருவாக்கித் தர வேண்டும், மனிதர் தம் விருப்பப்படி வைக்கக் கூடாது. பிற்காலத்தில் விதியை எடுத்துக்கொண்டவர்கள் நிபந்தனையை விட்டுவிட்டு ஆயுளை மட்டும் ஓராண்டிலிருந்து 90 நாளாகவும் அதற்குக் கீழாகவும் இறக்கினார்கள். ஓர் அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன்களில் நிர்வாகி எதையும் தொடாவிட்டால் பல காலமாக இருந்துவரும் இயல்பு அளவு 42 நாள்.

2003இல் நிஸ்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர், கடவுச்சொல் பற்றிய எட்டுப் பக்கப் பின்னிணைப்பு ஒன்றை எழுதினார். கலப்பு எழுத்து விதிக்கும் அவ்வப்போது மாற்றும் விதிக்கும் அரசு முத்திரை கிடைத்தது அதன் வழியாகத்தான். அதை எழுதும்போது மெய்யான பயனர்களின் கடவுச்சொற்களை ஆராய்ந்து பார்க்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கையில் இருந்தது 1980களின் ஆவணம். 2017இல், ஓய்வு பெற்ற பிறகு, தாம் செய்ததில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே பத்திரிகைக்குச் சொன்னார். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது என்று நினைக்கிறேன். ஆதாரம் தேடினார், தரவில்லை. கெடு இருந்தது, எழுதினார். அரசு அலுவலகங்களில் விதிகள் பிறப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

மெய்யான கடவுச்சொற்களை ஆராயும் வாய்ப்பு வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களுக்கு 2010இல் கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் விதி இருந்தது; பயன்பாட்டில் இல்லாத 10,000க்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய கடவுச்சொற்கள் வரிசையாகக் கையில் வந்தன. ஒருவருடைய பழைய கடவுச்சொல் தெரிந்தால் அடுத்ததைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தார்கள். கசிந்த கோப்பை வைத்துக்கொண்டு சாவகாசமாக முயலும் ஒருவர், 41 விழுக்காடு கடவுச்சொற்களை ஒவ்வொன்றும் சில நொடிகளில் கண்டுபிடிக்க முடிந்தது. நேரடியாக உள்நுழைவுப் பக்கத்தில் முயல்பவருக்கோ, 17 விழுக்காடு கணக்குகள் ஐந்து முயற்சிக்குள் திறந்தன. எண்ணை ஒன்று கூட்டுவது, குறியை முன்னிருந்து பின்னுக்கு நகர்த்துவது, ஓர் எழுத்தை அதைப் போன்ற எண்ணாக மாற்றுவது ஆகியவற்றைத் தாண்டி மக்கள் போகவில்லை.

நம் ஊர் அலுவலகங்களில் இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. ஊர்ப் பெயரோ குழந்தையின் பெயரோ முதலெழுத்துப் பெரியதாக, அடுத்து அட் குறி, கடைசியில் 123. காலாவதியானதும் 123 என்பது 124 ஆகும், அல்லது அந்த இடத்தில் நடப்பு ஆண்டு வந்து உட்காரும். விதி கேட்ட நான்கும் அதில் இருக்கின்றன. கணினியும் பச்சை நிறத்தில் "வலுவானது" என்று சான்று கொடுக்கும். மறந்துபோனவருக்கு ஹெல்ப்டெஸ்க் கொடுக்கும் தற்காலிகக் கடவுச்சொல்லின் அமைப்பும் இதுவேதான். "வெல்கம் அட் 123" என்பதை வாங்கிக்கொள்ளாமல் வேலையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்த விதியின் தினசரிச் செலவைச் சுமப்பது ஐ.டி. உதவிப் பிரிவு. பொங்கலோ தீபாவளியோ முடிந்து அலுவலகம் திறக்கும் காலையில் வரும் அழைப்புகளில் கணிசமானவை, விடுமுறையில் காலாவதியான கடவுச்சொல்லைப் பற்றியவை. இதில் வெளியே தெரியாத ஒரு தொல்லையும் உண்டு. ஊழியர் மேசைக் கணினியில் புதிய கடவுச்சொல் வைத்துவிடுவார். அவருடைய கைபேசியில் இருக்கும் மின்னஞ்சல் செயலியோ பழையதையே வைத்துக்கொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை வழங்கியை (சர்வரை) தட்டிக்கொண்டிருக்கும். தவறான முயற்சிகள் வரம்பைத் தாண்டியதும் கணக்கு பூட்டிக்கொள்ளும். உதவியாளர் பூட்டைத் திறந்துவிடுவார். கால்மணி நேரத்தில் மீண்டும் பூட்டிக்கொள்ளும். ஊழியர் தாம் எதையும் தவறாகத் தட்டவில்லை என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மைதான். கைபேசியையோ, இணைத்து வைத்த பகிர்வுக் கோப்புறையையோ, கூட்ட அறையில் வெளியேறாமல் விட்ட இன்னொரு கணினியையோ தேடிக் கண்டுபிடிக்கும்வரை இது ஓயாது.

இவ்வளவு சிரமத்துக்கும் பலன் கிடைத்தால் பரவாயில்லை. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கடவுச்சொல்லை ஊகித்துப் பிடிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உள்நுழைவுப் பக்கத்திலேயே முயல்வது. ஐந்து அல்லது பத்துத் தவறுகளில் கணக்கு பூட்டிக்கொள்வதால், மிக எளிமையான சொல்லாக இருந்தாலொழிய 90 நாளானாலும் 900 நாளானாலும் அங்கே பெரிய மாற்றமில்லை. மற்றொன்று, வழங்கியிலிருந்து கடவுச்சொற்களின் ஹேஷ் உருவங்களைத் திருடிக்கொண்டு போய்ச் சொந்த இயந்திரத்தில் முயல்வது. ஹேஷ் என்பது கடவுச்சொல்லைத் திரும்பப் பிரிக்க முடியாத எண்கோவையாக மாற்றிச் சேமிக்கும் முறை. திருடியவர் ஒவ்வொரு சாத்தியத்தையும் அதேபோல் மாற்றி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2012இல் ஜெரமி கோஸ்னி என்ற கடவுச்சொல் பாதுகாப்பு வல்லுநர் 25 கிராஃபிக்ஸ் சில்லுகளைக் கோத்துக் காட்டிய அமைப்பு, விண்டோஸ் பயன்படுத்தும் ஒருவகை ஹேஷை நொடிக்கு 35,000 கோடி முறை முயன்று பார்த்தது. 8 எழுத்துக் கடவுச்சொல்லின் எல்லாச் சாத்தியங்களையும் முடிக்க அதற்குத் தேவைப்பட்டது சுமார் ஐந்தரை மணி நேரம். ஐந்தரை மணி நேரத்தில் உடையும் ஒன்றை 90 நாளுக்கு ஒருமுறை மாற்றுவதால் ஆவது ஒன்றுமில்லை. நீளத்தை 8இலிருந்து 14 அல்லது 15 ஆக்கினால் அதே இயந்திரத்துக்கு மனித ஆயுள் போதாது. 1985இன் சூத்திரம் இன்றும் சரிதான்; அதில் போட வேண்டிய எண்கள்தான் மாறிவிட்டன.

இன்றைய தாக்குதல்களில் பெரும்பகுதிக்கு ஊகிக்கும் தேவையே இல்லை. வேறெங்கோ கசிந்த கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டு வந்து அலுவலகக் கணக்கில் போட்டுப் பார்ப்பது போதுமானது. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் மறைகுறியாக்கமே இல்லாமல் கசிந்தன. அவற்றில் முதலிடம் 123456க்கு. லிங்க்ட்இன்னிலிருந்து 2012இல் திருடுபோனவை 65 லட்சம் என்று முதலில் தெரிந்து, 2016இல் 11.7 கோடி என்று வெளிவந்தது. இத்தகைய பட்டியல்கள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் பைப்லைன் முடங்கியதும் இப்படிப்பட்ட ஒரு கடவுச்சொல்லால்தான். வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழைய உதவும் வி.பி.என். இணைப்பில், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய கணக்கு ஒன்று மூடப்படாமல் இருந்தது. அதற்கு, கடவுச்சொல்லுக்கு மேல் கைபேசி வழியாகவோ வேறு வழியாகவோ ஆளை உறுதிசெய்யும் இரண்டாம் அடையாளச் சோதனை இல்லை. அந்தக் கடவுச்சொல் சிக்கலானதுதான், நிறுவனப் பெயரோடு 123 சேர்த்த வகையல்ல என்று நிறுவனத்தின் தலைவர் செனட் குழு முன்பு வலியுறுத்திச் சொன்னார். அவர் தற்காப்புக்காகச் சொன்ன அந்த வாக்கியம் கலப்பு எழுத்து விதியின் எல்லையைக் காட்டிவிட்டது. தாக்கியவர்களுக்கு மீட்புத் தொகையாக 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் 44 லட்சம் டாலர், கொடுக்கப்பட்டது.

விதி ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு என் பதில் தணிக்கை என்பதே. பாதுகாப்புத் தணிக்கைக்கு வருபவரின் கையில் ஒரு படிவம் இருக்கும். "கடவுச்சொல் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது?" என்ற கட்டத்தில் ஓர் எண்ணை நிரப்புவது எளிது; கணினித் திரையைப் படம்பிடித்து ஆதாரமாக இணைக்கலாம். "உங்கள் ஊழியர்கள் வேறெங்கும் வைக்காத கடவுச்சொல்லைத்தான் இங்கே வைக்கிறார்களா?" என்ற கேள்விக்கு அப்படி ஓர் எண் கிடையாது. விதியை நீக்கிய பின் ஏதேனும் அசம்பாவிதம் நடந்தால் ஐ.டி. தலைவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வைத்திருந்து நடந்தால் எல்லா விதிகளையும் கடைப்பிடித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பணம் செலுத்தும் அட்டைகளைக் கையாளும் நிறுவனங்களுக்கான பி.சி.ஐ. தரத்திலும் 90 நாள் இன்னும் இருக்கிறது. ஆனால் 2022இல் வந்த நான்காம் பதிப்பு, கடவுச்சொல் ஒன்று மட்டுமே சோதனையாக இருக்கும் இடங்களுக்கே அதைக் கட்டாயமாக்குகிறது. அங்கும் மாற்று வழி தருகிறது. அந்தத் திருத்தத்தைப் படித்துப் பார்க்காமல் பழைய படிவத்தையே நகலெடுப்பவர்கள் நிறைய.

கடவுச்சொல்லை மாற்றவே கூடாது என்று நிஸ்ட் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கசிந்ததற்கான அறிகுறி தெரிந்தால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். நம் சிறு அலுவலகங்களில் அதைவிட அவசரமான ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஜி.எஸ்.டி. தளம், வருங்கால வைப்பு நிதித் தளம், வங்கியின் நிறுவனக் கணக்கு ஆகியவற்றின் கடவுச்சொற்கள் கணக்காளரின் நாட்குறிப்பில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். முதலாளிக்கும் தெரியும், தணிக்கையாளர் அலுவலகத்துப் பையனுக்கும் தெரியும், ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போனவருக்கும் தெரியும். ஓ.டி.பி. வரும் கைபேசி எண் போனவருடையதாகவே நின்றுவிடுவதும் உண்டு. இங்கே ஓர் ஆள் வேலையை விட்டு நின்ற நாளே மாற்றும் நாள். தனித்தனிப் பயனர் பெயர் தர முடிந்த இடத்திலெல்லாம் தந்துவிட்டால் அந்தச் சிக்கலே வராது.

இனி, விதி காக்காத பக்கம். கடவுச்சொல் அடிக்கடி மறக்கும் அலுவலகத்தில், ஐ.டி. பிரிவிலிருந்து தொலைபேசி வருவதும் ஊழியர் ஐ.டி. பிரிவை அழைப்பதும் அன்றாட நிகழ்ச்சி. இரண்டு திசையிலும் குரலை நம்பித்தான் காரியம் நடக்கிறது. தாக்குபவர்கள் அந்த நம்பிக்கையை இரண்டு திசையிலும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

2020 ஜூலையில் ட்விட்டர் நிறுவனத்தின் ஊழியர்கள் சிலருக்கு, நிறுவனத்தின் ஹெல்ப்டெஸ்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைப்பு வந்தது. கொரோனாக் காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்ததால் வி.பி.என். தொல்லை சகஜம், அதைச் சரிசெய்வதாகச் சொல்லிப் போலிப் பக்கம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஊழியர் அங்கே தட்டிய பெயரையும் கடவுச்சொல்லையும் அதே நொடியில் மெய்யான பக்கத்தில் தட்ட, ஊழியரின் கைபேசிக்கு இரண்டாம் சோதனைக்கான கோரிக்கை போனது. சிலர் அதற்கும் ஒப்புதல் கொடுத்தார்கள். 130 கணக்குகள் குறிவைக்கப்பட்டன. பிரபலங்களுடையவை உட்பட 45 கணக்குகளிலிருந்து பிட்காயின் மோசடிச் செய்தி வெளியானது. இதைச் செய்தவர்களில் முக்கியமானவருக்கு வயது 17. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் திருடர் கைக்குப் போனது. அவர் கைபேசிக்கு ஒப்புதல் கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன, கடைசியில் ஒன்றை ஏற்றுவிட்டார். இந்தத் தந்திரத்தைத் தடுக்கத்தான், திரையில் தெரியும் எண்ணைக் கைபேசியில் தட்டினால்தான் ஒப்புதல் என்ற முறையை மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதத்திலிருந்து தன் செயலியில் கட்டாயமாக்கியது.

எதிர்த் திசையில் நடப்பது இன்னும் எளிது. தாக்குபவர் ஊழியராக நடித்து ஹெல்ப்டெஸ்கை அழைக்கிறார். அமெரிக்காவின் குளோராக்ஸ் நிறுவனம் 2023 ஆகஸ்டில் பெரிய தாக்குதலுக்கு ஆளானது. தன் உதவி மேசைப் பணியைச் செய்துவந்த காக்னிசன்ட் நிறுவனத்தின்மீது 2025 ஜூலையில் அது வழக்குத் தொடுத்தது. அழைத்தவர் தம்மிடம் கடவுச்சொல் இல்லாததால் இணைய முடியவில்லை என்று சொல்ல, மறுமுனையிலிருந்தவர் அவர் யார் என்று சரிபார்க்காமலே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார் என்பது மனுவில் உள்ள குற்றச்சாட்டு. கோரப்படும் இழப்பீடு 38 கோடி டாலர். தனக்கு ஒப்படைக்கப்பட்டது உதவி மேசை என்ற குறுகிய பணி மட்டுமே, பாதுகாப்பு தன் பொறுப்பில் இல்லை, குளோராக்ஸின் உள் பாதுகாப்பே பலவீனமானது என்பது காக்னிசன்ட் தரப்பின் பதில். தீர்ப்பு எப்படிப் போனாலும், 1994இல் சென்னையில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர் இதில் வருவதால் நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. சென்னையிலும் கோவையிலும் இரவுப் பணியில் அமர்ந்து வெளிநாட்டு ஊழியர்களின் பூட்டிய கணக்குகளைத் திறந்துவிடும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த வழக்கின் மையத்தில் இருப்பது அவர்களுடைய அன்றாட வேலை.

அழைப்பவர் யார் என்று சரிபார்க்க வழக்கமாகக் கேட்கப்படுபவை பணியாளர் எண், பிறந்த தேதி, மேலாளர் பெயர். மேலாளர் பெயரை லிங்க்ட்இன் சொல்லும். பணியாளர் எண் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருக்கிறது. அந்த அட்டையோடு எடுத்த படம் சமூக ஊடகத்தில் இருக்கிறது. பிறந்த நாளுக்கோ அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கேக் படத்தோடு வாழ்த்து வருகிறது. இவற்றைச் சொல்லத் தெரிந்தவர் ஊழியர்தான் என்று முடிவுகட்டுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

மாற்று என்ன என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. காலாவதியை நீக்கிவிட்டு நீளத்தைக் கூட்டலாம். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து வைத்தால் நினைவிலும் நிற்கும், நீளமும் கிடைக்கும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு வரியோ பழமொழியோ வேண்டாம், திருடர்களின் பட்டியலிலும் அவை இருக்கும். கசிந்த கடவுச்சொற்களோடு ஒப்பிட்டு, அவற்றில் உள்ளதை வைக்கவிடாமல் தடுக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் தருகின்றன. ட்ராய் ஹன்ட் என்ற பாதுகாப்பு வல்லுநர் நடத்தும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் அந்தப் பட்டியலை இலவசமாகவே கொடுக்கிறது. மற்றவற்றுக்கெல்லாம் கடவுச்சொல் மேலாண்மைச் செயலி போதும். அது நினைவுச் சுமையைக் குறைப்பதோடு இன்னொரு வேலையும் செய்கிறது: பழக்கமான தளத்தின் முகவரி அல்லாத எந்தப் பக்கத்திலும் அது தானாக நிரப்பாது. பக்கம் அச்சு அசலாக இருந்தும் செயலி நிரப்ப மறுத்தால், ஊழியர் கையை எடுத்துவிட்டு முகவரியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதே காரியத்தை இன்னும் உறுதியாகச் செய்வது, யு.எஸ்.பி. துளையில் செருகும் பாதுகாப்புச் சாவி. 2022 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் போலிக் குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த இணைய முகவரி பதிவு செய்யப்பட்டு 40 நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று பேர் ஏமாந்து கடவுச்சொல்லைத் தட்டிவிட்டார்கள். ஆனாலும் யாரும் உள்ளே நுழைய முடியவில்லை. எல்லோரும் வைத்திருந்த சாவி, மெய்யான தளத்தின் முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும் வகையில் அமைந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் அதே வகைத் தாக்குதலுக்கு ஆளான ட்விலியோ நிறுவனத்தில் திருடர்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். நூறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் எல்லோருக்கும் சாவி வாங்கச் செலவாகும் என்றால், கணக்குப் பிரிவுக்கும் ஐ.டி. நிர்வாகிகளுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் முதலில் வாங்கலாம்.

ஏமாந்த மூவரும் கண்டிக்கப்படவில்லை. குறை சொல்லாத சூழல்தான் தங்களுக்கு முக்கியம் என்று அந்த நிறுவனத்தினர் வெளிப்படையாகவே எழுதினார்கள். இதைப் பெருந்தன்மையாகப் பார்ப்பதைவிடக் கணக்காகப் பார்ப்பது பொருத்தம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிய வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் செயல்பாட்டுப் பதிவேடுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும். தவறான இணைப்பைத் தட்டிவிட்ட ஊழியர் மேலாளரின் திட்டுக்குப் பயந்து மாலைவரை வாயைத் திறக்காவிட்டால் அலுவலகத்துக்கு அறிய வருவதே தாமதமாகும், அதற்குள் வேண்டியதெல்லாம் வெளியே போயிருக்கும்.

மீதமிருப்பது ஹெல்ப்டெஸ்க். கடவுச்சொல்லை மாற்றித் தரக் கோரும் அழைப்பு வந்தால், அந்த அழைப்பை முடித்துவிட்டு, மனிதவளப் பிரிவின் ஆவணத்தில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைக்கலாம். அல்லது மேலாளர் நேரில் உறுதி செய்த பிறகே செய்யலாம். நிர்வாகி உரிமை உள்ள கணக்கென்றால் இரண்டாவதாக ஒருவரின் ஒப்புதலும் வேண்டும் என்று வைக்கலாம். புதிய கைபேசியை இரண்டாம் சோதனைக்குப் பதிவு செய்யக் கோருவதைக் கடவுச்சொல் கோரிக்கையைவிடக் கடுமையாக நடத்த வேண்டும், ஏனெனில் அது கிடைத்துவிட்டால் பிறகு தடுக்க எதுவும் இல்லை. இந்த முறைகள் எங்கே உடைகின்றன என்பது உதவிப் பிரிவில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்: விமான நிலையத்திலிருந்து அவசரமாக அழைக்கும் இயக்குநரிடம். "நான் யார் தெரியுமா?" என்று கேட்பவர் மெய்யான இயக்குநராகவும் இருக்கலாம், அப்படிப் பேசப் பயின்றவராகவும் இருக்கலாம், தொலைபேசியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. திருப்பி அழைப்பதாகப் பணிவோடு சொல்லும் இளநிலை ஊழியருக்கு எந்தப் பாதிப்பும் வராது என்பதை இயக்குநரே கையெழுத்திட்டுச் சுற்றறிக்கையாக விட்டால் ஒழிய, பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு நிமிடத்தில் நிற்காது.

சுற்றறிக்கையோடு ஒப்பந்தமும் மாற வேண்டியிருக்கிறது. உதவி மேசையின் திறமை இன்று பெரும்பாலும் ஓர் அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடித்தார்கள், முதல் அழைப்பிலேயே தீர்த்தார்களா, அழைத்தவர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார் என்பவற்றால் அளக்கப்படுகிறது. ஒரு கணக்கு முழுவதையும் அந்நியரிடம் ஒப்படைக்கும் அழைப்பு இந்த மூன்றிலும் முழு மதிப்பெண் வாங்கிவிடும். சரிபார்ப்பதற்காக அழைப்பைத் துண்டித்துத் திரும்ப அழைத்தவருக்கு மூன்றிலும் குறையும். கடவுச்சொல், இரண்டாம் சோதனை தொடர்பான கோரிக்கைகளை மட்டுமாவது இந்த அளவீட்டிலிருந்து விலக்கிவைத்து, அவற்றில் எத்தனை முறை சரிபார்ப்பு முழுமையாக நடந்தது என்பதைத் தனியாக எண்ணத் தொடங்கினால், தணிக்கைப் படிவத்தில் 90 நாள் இருந்த கட்டத்தில் நிரப்புவதற்கு ஓர் எண் கிடைத்துவிடும்.